இளகாத கட்டி

கடைக்கும் அடுப்பறைக்கும் நடுவே இருந்த சுவரில் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு ஜன்னல் உண்டு. ரொட்டித் தட்டுகள் வந்து போவதற்காக வைத்தது. அதற்கு மரத்தில் ஒரு தள்ளுகதவு. தட்டு வரும்போது திறப்பார்கள். வாங்கிக்கொண்டதும் மூடிவிட வேண்டும். மறந்தால் அடுப்பறைச் சூடு கடைக்குள் புகுந்து, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேக்குகளின் கிரீம் ரோஜாக்கள் அரை மணி நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

மாஸ்டரின் இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் கதவு மூடப்படவில்லை. மாஸ்டரின் மனைவி அதை ஓர் ஓரமாகத் தள்ளி, திரும்பி வராதபடி அட்டைத் துண்டை மடித்துச் செருகிவிட்டாள். கவுண்டரில் நின்றபடியே அடுப்பு, மாவு மேஜை, குளிர்பெட்டி மூன்றையும் அவளால் பார்க்க முடிந்தது. கேக் ரோஜாக்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

பேக்கரியில் மொத்தமே நான்கு பேர். அடுப்பைப் பார்ப்பது மாஸ்டர், கடை அவருடையதுதான். கவுண்டர் அவர் மனைவியுடையது. தெருவில் எல்லோருக்கும் அவள் கவுண்டர் அக்கா. மாஸ்டரின் தங்கை பிஸ்கட் எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவாள். அரை பிஸ்கட் கூடினால் உடைத்து எடுத்துவிடுவாள் என்பதால் தராசு என்று பெயர். நான்காவது ஆள் பஃப்புக்கு மாவு தேய்க்கிறவர். அவர் உருட்டுவது மாவை மட்டுமல்ல, கதையையும்தான் என்பதால் அவரை உருட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், தட்டை இழுக்கும்போது மாஸ்டருக்கு நெஞ்சை யாரோ துணி பிழிவது போல் பிழிந்தது. ஒரு நிமிஷம்தான். தண்ணீர் குடித்தார், சரியாகிவிட்டது. ஆனால் மனைவி விடவில்லை. மாஸ்டரின் அப்பா இதே அடுப்புக்கு முன்னால் கையில் தட்டோடு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பது. மாஸ்டருக்கு இப்போது நாற்பத்தொன்பது.

டாக்டர் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்று ஐம்பத்தெட்டு என்றார். "இப்போதைக்குச் சாப்பாட்டுலயும் நடையிலயும் குறைக்கப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட், அப்புறம் இன்னொரு மூணு மாசம். அப்பவும் குறையலன்னா மாத்திரை, நெஞ்சுக்குக் குழாய் விட்டு அடைப்பு பார்க்கிறது, இதெல்லாம் யோசிக்கணும்" என்று சொல்லி ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அதில் மூன்றாவது வரி: விலங்குக் கொழுப்பைத் தவிர்க்கவும், வெண்ணெய், நெய், பாலாடை கூடாது. தாவரக் கொழுப்பை அளவாகப் பயன்படுத்தலாம்.

மாஸ்டர் வெண்ணெய்ப் பிரியர். காலையில் முதல் ஈடு ரொட்டி வெளியே வந்ததும், அதன் நுனித் துண்டை அறுத்து, சூடு ஆறுமுன் வெண்ணெயைத் தடவி நின்றுகொண்டே சாப்பிடுவார். அந்த இரண்டு நிமிஷத்தில் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. அதை ஒரே நாளில் நிறுத்தினார்.

மனைவி அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். வெண்ணெய்க்குப் பதிலாக என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்தாள். கடையில் விற்கிற டப்பாக்களை அவள் நம்பவில்லை. எதில் என்ன கலந்திருக்கிறதோ. அவர்களுடைய சரக்கறையிலேயே இருக்கிறது. பஃப்புக்குப் போடுகிற மஞ்சள் கட்டி. பெட்டியின் முகப்பில் பெரிய பச்சை இலை. கீழே, 'நூறு சதவீதம் தாவரம். கொலஸ்ட்ரால் இல்லை.' இருபது வருஷமாகப் பார்த்த சரக்கு. வாரா வாரம் புதிதாக வருகிறது. இதைவிட நம்பிக்கையானது எது?

கட்டியைக் கம்பியால் அறுத்து, கட்டைவிரல் நுனி அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்கி, கண்ணாடி ஜாடியில் அடுக்கினாள். தினம் இரண்டு துண்டு. ஒன்று காலை ரொட்டிக்கு, ஒன்று இரவில் காய் வதக்க. ஒரு நாளும் மூன்று போனதில்லை. தானும் அதையே சாப்பிட்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து அவள் மட்டும் வெண்ணெய் தின்பது அவளால் ஆகாது.

"ஏம்மா, இது அண்ணத்துல மெழுகு பூசினாப்ல ஒட்டுதே" என்று முதல் வாரம் மாஸ்டர் சொன்னார்.

"மருந்துன்னு நினைச்சுக்கோங்க. மருந்து இனிக்குமா?"

அதற்குப் பிறகு அவர் போட்டதைச் சாப்பிட்டார். அந்தக் கட்டியை அவர் இருபது வருஷம் கையால் தொட்டிருக்கிறார். ஆனால் அது அவருக்கு மாவு, ஈஸ்ட், உப்பு போல ஒரு சரக்கு. மனைவி தட்டில் வைத்தபோது அது சாப்பாடு. இரண்டும் ஒன்று என்று அவர் மனதில் படவேயில்லை.

இன்னொரு வேலையையும் அவர் விட்டார். பிஸ்கட்டுக்கு அந்தக் கடையில் அசல் வெண்ணெய்தான். புதுக் கட்டி வந்ததும், நகத்தளவு எடுத்து அண்ணத்தில் அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுவார். பத்துக்குள் கரைந்து, வாய் சுத்தமாக இருந்தால் நல்ல வெண்ணெய். புளித்தாலோ, பிசுக்கென்று எதுவும் மிஞ்சினாலோ திருப்பி அனுப்பிவிடுவார். இனிமேல் அதைத் தங்கை பார்க்கட்டும் என்றார். தங்கை மறுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த எண் நூற்று எழுபத்தொன்று.

டாக்டர் தாளைப் பார்த்தார். "வீட்டுல என்ன சாப்பிடுறார்?"

"நான் போடுறதைத்தான் டாக்டர். நீங்க குடுத்த தாளுல இருக்கிற மாதிரி, அளந்து."

"வெளியில?"

அந்த ஒரு வார்த்தைதான். டாக்டர் அதைக் குறிப்பாகக் கேட்கவில்லை, பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டார். ஊட்டச்சத்து ஆலோசகரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குற்றமுள்ளவன் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கடைக்கு வந்ததும் தள்ளுகதவைத் திறந்து அட்டையைச் செருகினாள்.

புதன்கிழமை கடை மூடும்போது, குளிர்பெட்டியில் இருந்த வெண்ணெய்க் கட்டியின் மேல் முள்கரண்டியால் குறுக்கே கோடுகள் கீறிவைத்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்து பார்த்தாள். அன்றைக்குப் பிஸ்கட் போடும் நாள் இல்லை.

"என்னங்க, இங்க வாங்க."

"தட்டு உள்ள இருக்கு."

"தட்டு எங்கயும் ஓடிப் போகாது. வாங்க."

மாஸ்டர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கட்டியை மேஜைமேல் வைத்திருந்தாள். உருட்டு மாவு தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் சத்தமில்லாமல் தேய்த்தார்.

"இது என்ன?"

"வெண்ணெய்."

"அது எனக்கும் தெரியுது. இந்தக் கோடு?"

"யாரோ கீறியிருக்காங்க."

"நான்தான் கீறினேன். நேத்து மூடும்போது ஏழு கோடு. இப்போ எண்ணுங்க."

மாஸ்டர் எண்ணினார். "ஆறு."

"ஆறரை. அந்த அரையையும் விட்டு வெச்சிருக்கு பாருங்க, பெரிய மனசு."

"எலியா இருக்கும்க்கா" என்றார் உருட்டு.

"எலி கதவைத் திறந்து, தின்னுட்டு, மறுபடி மூடிட்டுப் போகுமாண்ணே?"

"சில எலி பொறுப்பா இருக்கும்க்கா."

"ஆமா. வெள்ளை ஏப்ரன் கட்டுன எலி."

மாஸ்டர் நிமிர்ந்தார். "நான் தொடலை."

"அப்புறம் எப்படி நம்பர் ஏறுச்சு? நான் வீட்டுல போடுறதுல ஏறுமா? மூணு மாசமா நானும்தான் வெண்ணெய் வாசனையே பார்க்கலை. உங்களுக்காக நாக்கைக் கட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க இங்க உள்ள வந்து... டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்கிறார், வெளியிலன்னு. எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் தொடலைன்னு சொல்றேன்ல."

"திருட்டுப் பூனைகூட அப்படித்தான் சொல்லும், வாயைத் துடைச்சுட்டு."

உருட்டு மாவின் மேல் குனிந்துகொண்டார். மாஸ்டர் போய் அடுப்பைத் திறந்து தட்டை இழுத்தார். பன்கள் ஓரத்தில் கறுத்திருந்தன. இருபது வருஷத்தில் அவர் பன்னைக் கருகவிட்டது அது இரண்டாவது தடவை.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, வதக்கிய காயைத் தள்ளி வைத்துவிட்டு, காய்ந்த ரொட்டியைப் பால் ஊற்றாத தேநீரில் தொட்டுச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமையும்.

"இது என்ன விரதம்?"

"நீ போடுறதையும் தின்னல, வெளியிலயும் தின்னல. இதுல ஏறட்டும், அப்புறம் பார்ப்போம்."

"ஏன், எனக்குத் தண்டனையா?"

அவர் ரொட்டியைக் கடித்தார். அது உடைகிற சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் தங்கை கவுண்டருக்கு வந்தாள். பொட்டலம் கட்டும் நூலைச் சும்மா விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அது நான்."

"எது நீ?"

"அந்த அரைக் கோடு."

கவுண்டர் அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அண்ணன்தானே என்னை டேஸ்ட் பார்க்கச் சொன்னுச்சு. பார்த்தேன்."

"நகத்தளவு பார்க்கிறதுக்கு அரைக் கோடா?"

"வெறும் நாக்குல எனக்குச் சரியாத் தெரியல அண்ணி. அதான் பன்னுல வெச்சுப் பார்த்தேன்."

"பன்னுலயா?"

"சூடான பன்னு."

"புதுக் கட்டி வந்தது திங்கக்கிழமை. வியாழக்கிழமை என்னடி டேஸ்ட்?"

"கெட்டுப் போயிருக்கான்னு..." என்றவளுக்கே குரல் இறங்கிவிட்டது. "மூணு மாசமா தினம் பார்க்கிறேன்."

கவுண்டர் அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். "உங்க அண்ணனுக்காக நீ பொய் சொல்லுவேன்னு தெரியும். கல்யாணமான புதுசுல எங்க அம்மா குடுத்த பெரிய பீங்கான் பாத்திரத்தை அவர் போட்டு உடைச்சப்போ, நான்தான்னு வந்து நின்னவதானே நீ."

"அது பொய் அண்ணி. இது நெஜம்!"

"அப்பவும் இதே மூஞ்சிதான்."

தங்கை அடுப்பறைக்குத் திரும்பிப் போய் உருட்டிடம் சொன்னாள்: "திருடினேன்னு ஒத்துக்கிட்டாலும் நம்ப மாட்டேங்குறாங்கண்ணே. இப்படியொரு வீட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் உண்மை சொன்னா என்னை யாரும்மா நம்பியிருக்காங்க" என்றார் அவர், மாவைத் திருப்பிப் போட்டபடி.

திங்கட்கிழமை ஊட்டச்சத்து ஆலோசகரைப் பார்க்கும் நாள். வழக்கமாகச் சாப்பிடுவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரவேண்டும், டப்பாவில் வருவதாக இருந்தால் டப்பாவோடு கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் மாஸ்டர் உட்காரவில்லை. காத்திருக்கும் அறையில் இருவருக்கும் நடுவே இருந்த நாற்காலியில் அவள் பையை வைத்தாள். பைக்கு ஒரு நாற்காலி தேவையா என்பதுபோல் எதிரே இருந்த ஒருவர் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

ஆலோசகர் முப்பது வயதிருக்கும் பெண். மேஜைமேல் கண்ணாடிக் குடுவைகளில் பருப்பு, கொட்டை, விதைகள். காலையிலிருந்து இரவுவரை கேட்டுக்கேட்டு எழுதினாள்.

"கடைசி நாலு நாளா காய்ஞ்ச ரொட்டி மட்டும்னு போட்டிருக்கே. ஏன் சார்?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"கோவம்" என்றாள் மனைவி.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி? ரொட்டிக்கு என்ன தடவுவீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் கவுண்டர் அக்கா காத்திருந்தாள். பையிலிருந்து ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மஞ்சள் சதுரங்கள் வரிசை குலையாமல் இருந்தன.

"வெண்ணெய்க்குப் பதிலா இதுதாம்மா. தாவரக் கொழுப்பு. எங்க கடைச் சரக்கு, கலப்படமே கிடையாது. தினம் ரெண்டு துண்டு. ஒண்ணு கூட இல்லை, குறைச்சலும் இல்லை. வீட்டுல நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டும் நம்பர் ஏறுதுன்னா, தப்பு எங்கன்னு நீங்களே கேளுங்க இவரை."

ஆலோசகர் மூடியைத் திறந்தாள். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினாள். விரல்ரேகை லேசாகப் பதிந்ததே தவிர, துண்டு அப்படியே இருந்தது.

"எப்போ எடுத்து வெச்சது?"

"காலையில எட்டு மணிக்கு."

"இந்த வெயில்ல பஸ்ல வந்திருக்கீங்க. கொஞ்சம்கூட இளகலையே?"

"இளகாதும்மா" என்றார் மாஸ்டர். நான்கு நாளில் அவர் சேர்ந்தாற்போல் பேச ஆரம்பித்தது அப்போதுதான். தொழிலைப் பற்றிய கேள்வி என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. "அதான் அதோட விசேஷமே. எங்க அடுப்பறைச் சூட்டுல வெண்ணெயை வெச்சா ரெண்டு நிமிஷத்துல எண்ணெயா ஓடிடும். இது மாவுக்கு நடுவுல தகடு மாதிரி நிக்கும். மடிச்சு மடிச்சுத் தேய்ச்சாலும் மாவோட சேராது. அப்பதான் பஃப் அடுக்கடுக்கா எழும்பும். எவ்வளவு சூடானாலும்..." அவர் பேச்சு மெதுவாகியது. "வாயில வெச்சாலும்..."

நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பார்ப்பவர்போல் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பெட்டியில என்ன எழுதியிருக்கும்?" ஆலோசகர் கேட்டாள்.

"பச்சை இலை போட்டிருக்கும்" என்றாள் மனைவி. "நூறு சதவீதம் தாவரம். கொலஸ்ட்ரால் இல்லை."

"எந்தத் தாவரக் கொழுப்புலயும் அப்படிப் போடலாம்மா. கூழாங்கல்லு பாக்கெட்டுலகூடப் போடலாம், அதுலயும் கொலஸ்ட்ரால் கிடையாது. பின்பக்கம் என்ன இருக்கு?"

மனைவிக்குத் தெரியவில்லை. சரக்கறையில் பெட்டிகள் முகப்பு வெளியே தெரியும்படிதான் அடுக்கியிருக்கும். மாஸ்டர்தான் சொன்னார், மனப்பாடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி: "ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய், தண்ணீர், உப்பு, நிறம்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தாள். "எண்ணெயைக் கட்டியாக்கறதுக்காகச் செய்யுற வேலை அது. வெளிய இளகலைங்கிறதால ரத்தத்துல போய் அப்படியே கட்டியா நிக்கும்னு இல்ல, அப்படி நினைச்சுப் பயப்படாதீங்க. ஆனா அந்த மாதிரிக் கெட்டியாக்கின கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும், நல்லதைக் குறைக்கும். வெண்ணெயைவிட மோசம்."

"வெண்ணெயைவிடவா?"

"ஆமாம்மா. நல்ல வேளை, கொண்டு வந்து காட்டினீங்க."

கவுண்டர் அக்கா ஜாடியை இழுத்து மூடியைப் போட்டாள். திருகி மூடினாள். மூடியபின் இன்னொரு தடவை திருகினாள். அதற்குமேல் திரும்பாது என்று தெரிந்தும் கை அதிலேயே இருந்தது.

ஆலோசகர் சொன்னதெல்லாம் மாஸ்டர்தான் கேட்டுக்கொண்டார். வதக்க, ஊற்றினால் ஓடுகிற எண்ணெய், அளவாக. ரொட்டிக்குத் தடவ, மென்மையான டப்பா வேண்டுமென்றால் பின்பக்கம் படித்து வாங்க வேண்டும்: முதல் பெயர் எண்ணெயாக இருக்கணும், ஹைட்ரஜன் என்ற பேச்சே இருக்கக் கூடாது, நிறைவுற்ற கொழுப்பு குறைவாக இருக்கணும். இல்லையென்றால் சர்க்கரையும் வேறு கொழுப்பும் சேர்க்காத கொட்டை விழுது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். டாக்டரிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இருந்தது. மாஸ்டர் அவளை அதில் நிறுத்திவிட்டு வெயிலில் நின்றார்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அவள்.

"நான்தான் சரக்கு வாங்கினேன்."

"தினம் ரெண்டு துண்டு. எண்ணி எண்ணி."

"அளவாத்தானே போட்டே. தாளுல அப்படித்தானே இருந்துச்சு."

"சிரிக்காதீங்க. உங்க அப்பாவுக்கு ஆன மாதிரி ஏதாவது ஆகியிருந்தா, என் கையாலதான்னு..."

மாஸ்டர் சாலையைப் பார்த்தார். பேருந்து வருகிற அறிகுறி இல்லை. "பின்பக்கம் எழுதியிருக்கிறதை இருபது வருஷமா படிச்சவன் நான். அண்ணத்துல ஒட்டுதுன்னு சொன்னவனும் நான். வாயில வெச்சுப் பத்து எண்ணத் தெரிஞ்சவன், வீட்டுல எண்ணலை. உன்னை மட்டும் என்ன சொல்றது?"

அவள் சொன்னாள்: "திருட்டுப் பூனைன்னு சொன்னேன்."

"சொன்னே."

"தப்புதான்."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க உருட்டு முன்னாடி சொன்னே. வாபஸ் வாங்குறதா இருந்தா அவர் முன்னாடி வாங்கு."

"அவர் முன்னாடி எப்படிங்க? அவர் அதை ஊர் பூரா உருட்டிடுவாரு."

"அது உன் பாடு" என்றார் மாஸ்டர். ஆனால் பேருந்து வந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பை அவர் மடியில் இருந்தது.

போகிற வழியில் பெரிய கடை ஒன்றில் இறங்கினார்கள். குளிர்ப் பெட்டிகள் வரிசையாக ஓடுகிற பக்கத்தில், ஒரு தட்டு முழுக்க டப்பாக்கள். மஞ்சள் மூடி, பச்சை மூடி, சூரியகாந்திப் பூ, சிவப்பு இதயம். ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் அவள் முகப்பைப் பார்க்காமல் கவிழ்த்தாள். எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

"இதயம் போட்டிருக்கே, நல்லதா இருக்குமோ?" என்றார் மாஸ்டர்.

"இலை போட்டதை நம்பித்தானே இந்தக் கதி. இதயம் போட்டதை நான் நம்புறதா இல்லை. இந்தாங்க, இதைப் படிங்க, எனக்குக் கண்ணு எட்டலை."

அவர் கையை முழுக்க நீட்டிப் படித்தார். "தண்ணீர்... முதல்ல தண்ணீர். தண்ணியையா டப்பால அடைச்சு விக்கிறான்?"

"அடுத்தது."

"இதுல நிறைவுற்றது பதினாறு. இதுல ஒன்பது. இது... வெண்ணெய்ச் சுவை. சுவை மட்டும்தான் இருக்கும் போல, வெண்ணெய் வரலை."

பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். "என்ன மாஸ்டர், பேக்கரிக்காரங்களே வெளியில வந்து வாங்குறீங்க? அப்போ உங்க கடையில என்னத்தைப் போடுறீங்க?"

கேட்டவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. கவுண்டர் அக்கா, "புதுசா ஒண்ணு பார்க்கிறோம்மா" என்று பூசி மெழுகி அனுப்பினாள்.

நிறைவுற்ற கொழுப்பு ஒன்பது இருந்த டப்பா தேறியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டை விழுது இருந்த பக்கம் போனார்கள். பன்னிரண்டு ஜாடிகளில் ஒன்றின் பின்பக்கம் இரண்டே வார்த்தை: வேர்க்கடலை, உப்பு.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள்.

மாஸ்டர் ஜாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேலே எண்ணெய் பிரிந்து ஓடியது. அது அவருக்குப் பிடித்திருந்தது. "இதுக்கு எதுக்கு இங்க வரணும்? சாயங்காலம் கடைசி ரொட்டி எடுத்ததும் அடுப்பு இறங்குசூட்டுல சும்மாத்தானே கிடக்கு. ஒரு தட்டுல கடலையைப் பரப்பி இருபது நிமிஷம் விட்டா, தோல் தானா உரியும். மிக்ஸியில ரெண்டு சுத்து."

"பிசுக்கு ஒட்டாதே?"

"கடலை எண்ணெய்தானே. பத்துக்குள்ள போயிடும்."

முக்கால் மணி நேரம் தேடியபின், டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு கிலோ பச்சை வேர்க்கடலையும் ஒரு பாட்டில் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மாலை கடலை வறுபட்ட வாசனை தெரு முனைவரை போனது. என்ன புதுப் பலகாரம் என்று மூன்று பேர் கேட்டார்கள். மறுநாள் காலை நுனித் துண்டில் அதைத் தடவி மாஸ்டர் நின்றுகொண்டே சாப்பிட்டார். வெண்ணெய் மாதிரி இல்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. "வெண்ணெய் மாதிரின்னு நினைச்சாத்தான் கஷ்டம்" என்றார்.

பஃப் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சரக்கறையில் இருந்த எட்டுப் பெட்டிகளையும் அவர் பின்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அடுக்கினார். சரக்குக்காரரைக் கூப்பிட்டு, ஹைட்ரஜன் ஏற்றாத கட்டி இருக்கிறதா என்று கேட்டு, எட்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். புதுக் கட்டி வந்தது. அதிலும் நிறைவுற்ற கொழுப்பு இருக்கத்தான் செய்தது. பழையதைவிடத் தேவலை, அவ்வளவுதான். சூட்டில் அது சீக்கிரம் இளகியது. உருட்டு புலம்பினார்: "மாஸ்டர், இது மாவுக்குள்ள நிக்க மாட்டேங்குது, வழுக்கிட்டுப் போகுது. இதை உருட்டுறதுக்கு நான் ஐஸ் பெட்டிக்குள்ள உட்காரணும்." பஃப் தேய்க்கும் வேலையை விடியற்காலைக் குளிர்ச்சிக்கு மாற்றினார்கள். கல் மேஜையின்மேல் பனிக்கட்டித் தட்டை வைத்துக் குளிரவைத்துவிட்டுத் தேய்த்தார்கள். அப்படியும் பஃப் ஒரு விரல் உயரம் குறைந்தது. "சின்னதாக்கிட்டீங்களே" என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். கவுண்டர் அக்கா, "எடை அதேதாங்க, எங்க தராசைக் கேளுங்க" என்றாள்.

தள்ளுகதவு மட்டும் அப்படியே திறந்து கிடந்தது. அட்டைத் துண்டு சூட்டில் விறைத்துப் போயிருந்தது. மாஸ்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காய் வதக்கியதைச் சாப்பிட்டார், பேசினார், சிரித்தார். ஆனால் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால், "பிஸ்கட்டுக்கு வெண்ணெய் எடுக்கிறேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். முதல் தடவை அவள் அதைக் கேலி என்று நினைத்தாள். மூன்றாவது தடவை அது கேலி இல்லை என்று புரிந்தது.

அடுத்த வாரம் வெண்ணெய்க் கட்டி வந்த நாளில் தங்கை வரவில்லை, காய்ச்சல். பிஸ்கட்டுக்கு மாவு பிசைய வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் ஜன்னலுக்கு வந்தார். "ஏம்மா, வெண்ணெய் வந்திருக்கு. டேஸ்ட் பார்க்க ஆள் இல்லை. நீ கொஞ்சம் வந்து பாரு."

"எனக்கு என்ன தெரியும் அதுல? உருட்டண்ணனைப் பார்க்கச் சொல்லுங்க."

"எனக்கு எல்லாமே நல்லாத்தாங்க்கா இருக்கும்" என்றார் உருட்டு. "என்னை நம்பி பிஸ்கட் போடாதீங்க."

அவள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே பாருங்க."

"நானா?"

"நகத்தளவுதானே. துப்பிடுங்க, வாய் கொப்பளிச்சுடுங்க."

மாஸ்டர் கவுண்டரிலிருந்து பார்க்கும்படி, வெளிச்சத்தில், மேஜைக்குப் பக்கத்தில் போய்க் கட்டியைப் பிரித்தார். கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். உருட்டு, மாவு தேய்க்கும் கட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

கவுண்டர் அக்கா அட்டைத் துண்டைப் பிடுங்கினாள். அது ஒரு இழுப்புக்கு வரவில்லை. இரண்டாவது இழுப்பில் பாதி கிழிந்து வந்தது. தள்ளுகதவு கொஞ்சம் இறுகியிருந்தது. உள்ளங்கையால் தட்டித் தள்ளி, முழுவதுமாக மூடினாள்.

கடைக்குள் சட்டென்று சூடு குறைந்ததுபோல் இருந்தது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே எண்ணினாள். ஏழு வரும்போது ஒருவர் வந்து பன் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டி, பத்துவரை எண்ணி முடித்தாள்.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டதா என்று அவள் காது கொடுக்கவில்லை.

சிறிதுநேரத்தில் கதவின் அந்தப் பக்கம் விரலால் இரண்டு தட்டு. திறந்தாள். பன் தட்டோடு மாஸ்டர் நின்றார். அவருக்குப் பின்னால் உருட்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல வெண்ணெய்" என்றார் மாஸ்டர்.

"சரி" என்றாள் அவள். தட்டை வாங்கிக்கொண்டு கதவை மூடினாள்.